சாட்சிக்கு ஒரு மீன்

“அப்ப செத்தாத்தான் கணக்கு?”

“ஆமாம்ப்பா. இதுவரைக்கும் செத்தாத்தான் கணக்கு.”

“இனிமே?”

“இனிமே மீனு கெடையாது. மீன் முட்டை. அதுல உயிர் புடிக்கிற மொத ரெண்டு மூணு நாளு மட்டும்.”

“முட்டை செத்துப்போச்சுன்னு எப்பிடித் தெரியும் உனுக்கு? அது இன்னா, மல்லாந்துக்கினு மெதக்குமா?”

“வெள்ளையாப் போயிடும். இல்லன்னா உள்ள இருக்குற துடிப்பு நின்னுடும். மைக்ராஸ்கோப்புல பாத்தா தெரியும்.”

“யாரு பாக்கறது?”

“லேப்ல நாங்கதான் பாப்போம்.”

“ஆங். அத்தச் சொல்லு மொதல்ல. நாங்க பாக்க முடியாது.”

இருசப்பன் வாயிலிருந்த பல்பொடியைக் கொட்டாங்கச்சி மேட்டில் துப்பிவிட்டு, குடத்துத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் கொப்பளித்தார். சந்தியா தட்டில் கடைசி இட்லியை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். காலையிலேயே மேல்காற்று கிளம்பிவிட்டது. உப்பளங்களின் பக்கமிருந்து வரும் அந்தக் காற்றில் முகத்தைக் காட்டினால் உதட்டை நக்கும்போது கரிக்கும். அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அப்பாவுடன் இந்தப் பேச்சைத் தொடங்கியிருக்கவே கூடாது என்று தோன்றியது. ஆனால் தொடங்கியது அவள் இல்லை. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ்தான். தொழிற்சாலைக் கழிவுநீரைச் சோதிக்க இனி வளர்ந்த மீன்களைப் பயன்படுத்துவதைக் குறைத்து, முட்டை நிலையிலேயே சோதிப்பது குறித்து அரசு ஒரு வரைவு விதி கொண்டுவந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம், கரையோர மக்கள் அனைவரும் வரலாம் என்று அதில் போட்டிருந்தது. நோட்டீஸை யாரோ அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருந்தார்கள்.

இருசப்பன் ஊரையொட்டிய உப்பங்கழியான கழுவெளியில் மீன் பிடிக்கிறவர். முதுகு பழுதான வருடத்தோடு கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, சின்னப் படகோடு உள்ளே வந்துவிட்டார். மடவையும் கெளுத்தியும் கொஞ்சம் இறாலும். அந்தக் கழுவெளியின் ஓரத்தில்தான் மருந்துச் சரக்கு செய்யும் கம்பெனி வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் விடிந்தபோது கம்பெனி வாய்க்கால் முழுக்க மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கம்பெனிக்காரர்கள் வெயில் என்றார்கள், தண்ணீர் வற்றியதால் என்றார்கள். கடைசியில் அதிகாரிகள் தண்ணீரை மொண்டு பிரம்மதேசம் போகிற வழியில் இருக்கும் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கண்ணாடித் தொட்டியில் பத்து ஜிலேபி மீன்களை அந்தத் தண்ணீரில் விட்டார்கள். நாலு நாள் முடிவதற்குள் பத்தில் எட்டு செத்துவிட்டது. கம்பெனியின் குழாயை மாதக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். அப்போது வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆகியிருந்த சந்தியாதான் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டவள். “எம் பொண்ணுதான் எண்ணுனா” என்று இருசப்பன் மீன் ஏலக்கடை முதல் டீக்கடை வரை சொல்லிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அந்த எட்டு மீன்கள் கோர்ட் கூண்டில் ஏறி நின்று சாட்சி சொன்ன எட்டு பேர்.

அவள் எழுந்து கை கழுவினாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாருக்கோ ரகசியம் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க முட்டைய வச்சிக்கினு இன்னா வோணா செய்யுங்க. பக்கத்துல ஒரு தொட்டி வையி. அதுல ஒரே ஒரு மீனு. எங்களுக்காக. ஒன்னு போதும் பாப்பா.”

“அது என் கையில இல்லப்பா.”

“எண்ணுனது உன் கைதானே?”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போதும் அந்தக் கேள்வி அவள் கூடவே வந்தது. இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் வெயிலை ஏந்திக்கொண்டு கிடந்தன. பாத்திகளுக்கு நடுவே குவித்த உப்பு வெண்குன்றுகளாக நின்றது. ஏதோ ஒரு குவியலுக்குப் பக்கத்தில் அம்மா அம்சவள்ளி தலையில் கூடையோடு இருப்பாள். இத்தனை தூரத்திலிருந்து எல்லாப் பெண்களும் ஒரே பெண்ணாகத்தான் தெரிந்தார்கள். கண்ணை மூடினால் தூங்கிவிடலாம் என்று நினைத்தாள். முடியவில்லை. கொஞ்ச நாளாகவே எங்கு உட்கார்ந்தாலும் அங்கிருந்து எழுந்து போக வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

லேப்பில் அவள் நிரப்புகிற தாளில் இரண்டே கட்டங்கள். உயிரோடு, இறந்தது. மீன் ஒன்று சமநிலை தவறிப் பக்கவாட்டில் சாய்ந்து, தொட்டியின் அடியில் கிடந்தபடி வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். அதுவும் உயிரோடு என்ற கட்டத்தில்தான் சேரும். அவள் டீ குடித்துவிட்டு வருவாள், மீன் அப்படியே கிடக்கும். வேறு தொட்டிகளைப் பார்த்துவிட்டு வருவாள், அதன் ஒரு செவுள் மட்டும் எழும்பி அடங்கும். உயிரோடு. கண்ணாடிக் கோலால் வாலைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அசைந்தால் இன்னும் உயிரோடு. வாலைத் தொடுவதுதான் அவளால் முடியாதது. ஆனால் அதுதான் வேலை. நாலாம் நாள் தப்பித்த மீன்களைத் திரும்ப எங்கேயும் விட முடியாது என்பதால், கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் போடுவார்கள். அவை முதலில் கொஞ்சம் வேகமாகச் சுற்றும், பிறகு தள்ளாடும், பிறகு பாயில் படுப்பதுபோல மெல்லப் படுத்துத் தூங்கிப்போகும். நன்றாக இருந்தவற்றுக்கு நல்ல சாவு கிடைத்தது. துடித்தவற்றுக்கு அதுவும் இல்லை. விதி அப்படி. சாய்ந்து விழுந்த மீனையே இறந்ததாகக் கணக்கில் எடுத்து உடனே கிராம்புத் தண்ணீரில் போட்டுவிடலாம் என்று புது வரைவில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை அவள் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். காரணம் இல்லாமல் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

கை முழுக்கக் கிராம்பு வாசனையோடுதான் வீட்டுக்குப் போவாள். முதல் தடவை அம்மா கேட்டது நினைவிருக்கிறது. “இன்னாடி, பல்லு வலியா? இல்ல, யாரு வூட்டுலனா பிரியாணியா?”

ஜெயப்ரியா மேடம் அன்று அவளை மேல்மாடி அறைக்குக் கூப்பிட்டார். பரிசோதனைக் கூடத்தில் புது முட்டை முறையைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு அவருடையது. திண்டிவனத்துக்காரர், வேகமாகப் பேசுவார், பேசும்போது பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

“வெள்ளிக்கிழம நீங்க பேசறீங்களா சந்தியா? நான் பேசுனா லேப்காரங்க ஏதோ சொல்றாங்கன்னு போயிடுவாங்க. நீங்க அந்த ஊர்ப் பொண்ணு.”

“என்ன மேடம் பேசறது?”

“பாத்தத சொல்லுங்க. போதும்.”

பார்த்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் வந்த ஒரு தண்ணீர். எங்கிருந்து வந்தது என்று குப்பியில் எண் மட்டும்தான் இருக்கும். ஆனால் அது வந்த வண்டியையும் மூடியில் ஒட்டியிருந்த சேற்றின் நிறத்தையும் அவளுக்குத் தெரியும், கம்பெனி வாய்க்கால்தான். அந்தத் தண்ணீரில் பத்து மீன்களும் பிழைத்தன. தொட்டியின் ஒரு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேலே வராமல், கூப்பிட்டாலும் வராத பிள்ளைகள்போலக் கிடந்தன. ஆனால் பிழைத்தன. பத்தும் உயிரோடு. தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அறிக்கை போனது. அதே தண்ணீரின் மிச்சத்தில் மேடம் முட்டைகளைப் போட்டுப் பார்த்தார். சந்தியா மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தாள். சுத்தமான தண்ணீரில் இருந்த முட்டை கண்ணாடி மணிபோல இருந்தது. உள்ளே கமாவைப்போல வளைந்த ஒரு சின்ன உடம்பு, அதன் நடுவில் ஒரு சிவந்த புள்ளி சுருங்கி விரிந்து சுருங்கியது. இத்தனை சின்னதற்கு இத்தனை அவசரமா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த தட்டைத் தள்ளினார் மேடம். அதில் பாதி முட்டைகள் வெந்த அரிசிபோல வெளுத்திருந்தன. மிச்சத்தில் அந்தச் சிவந்த புள்ளி, பெருமுக்கல் மலைப்படி ஏறுகிற வயதானவர் நின்று மூச்சு வாங்கி ஏறுவதுபோல, நின்று நின்று துடித்தது.

“இதுங்களுக்கு வலிக்குமா மேடம்?”

“இந்த நாள்ல வலி தெரியற அளவுக்கு நரம்பு வளந்திருக்காதுன்னுதான் சொல்றாங்க.”

“சொல்றாங்களா?”

மேடம் பேனா மூடியை மாட்டினார். “இதுவரைக்கும் தெரிஞ்சத வச்சு. ஆனா அந்தத் தொட்டி மீனுக்கு வலிக்குதுன்னு நமக்குத் தெரியும். இல்லியா?”

சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் படகுத் துடுப்பின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“போன மாசம் ஒரு தண்ணி வந்துச்சுப்பா. மீனு அத்தினியும் பொழச்சிக்கிச்சு. முட்டைங்க பொழைக்கல. மீனு காட்டாதத முட்டை காட்டிக் குடுத்துச்சு.”

“யாரு வூட்டுத் தண்ணி?”

“அத்த சொல்லக்கூடாது.”

“அப்புறம் எதுக்கு எங்கிட்ட சொல்ற?” என்று அவர் டியூபை இழுத்து முடிச்சுப் போட்டார். “சொல்லக்கூடாத தண்ணி, பாக்க முடியாத முட்ட. நல்லாக்கீதும்மா உங்க சட்டம்.”

அம்சவள்ளி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பகல் முழுக்க உப்புத் தண்ணீரில் நின்று வெடித்த குதிகாலுக்கு விளக்கெண்ணெய் தடவியிருந்தாள், நடந்த இடமெல்லாம் எண்ணெய்த் தடம். “மீனுக்கு நோவக் கூடாதாம். அந்தக் கெளுத்திக் கொழம்பு மட்டும் நோவாம எறங்குதா தொண்டையில?”

சந்தியா தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கெளுத்திக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது, இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொண்டாள். வலையில் சாகிற மீனுக்கும் தொட்டியில் சாகிற மீனுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளாலும் சொல்ல முடியாது. வலையை இழுக்கிறவன் மீன் சாகும்வரை வாலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அவ்வளவுதான் தெரிந்தது. அப்பா டியூபை மடியில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி, “நாலு நாளு எவன் ஒக்காருவான் பாக்கறதுக்கு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதை அப்போது அவள் பொருட்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகள் மேடைச் சுவரில் இன்னும் இருந்தன. விஜயகுமார், கிருபா என்ற பெயர்களுக்கு நடுவில் ஜரிகை ஒட்டிய ஒரு இதயம். அதற்குக் கீழே சென்னையிலிருந்து வந்த அதிகாரியம்மா மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார். நல்லபடியாகத்தான் பேசினார். விலங்குகளைத் துன்புறுத்தாமல் அதே உண்மையைக் கண்டுபிடிக்க வழி இருக்கும்போது அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசு நினைக்கிறது, உங்கள் கருத்து வேண்டும் என்றார்.

“முட்டைக்கே இம்மாம் பாசமா மேடம்? எங்களுக்கு எப்ப சட்டம் போடுவீங்க?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். மண்டபமே சிரித்தது. அதிகாரியம்மாவும் சிரித்துவிட்டார். முன்வரிசையில் இருந்த கம்பெனி ஆள் மட்டும் சிரிக்காமல் போனைத் தடவிக்கொண்டிருந்தார். சந்தியா ஜெயப்ரியா மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, பேச வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. காலை மாற்றி மாற்றிப் போட்டாள். மின்விசிறியின் சத்தம், பந்தல் துணி வாசனை, யாரோ அழவைத்த குழந்தை. எழுந்து வெளியே போய்விடலாமா என்று வாசல் பக்கம் திரும்பியபோதுதான் அப்பா வந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள்.

இருசப்பன் ஒரு கையில் தெர்மாகோல் பெட்டியும் மறு கையில் மஞ்சள் கேனுமாக வந்தார். பின்னால் அம்சவள்ளி ஒரு நீலப் பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிவந்தாள். மேடைக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, டப்பாவை அதன்மேல் வைத்து, கேனைக் கவிழ்த்தார். தெர்மாகோல் பெட்டிக்குள் கழுவெளித் தண்ணீரில் மூன்று மடவை மீன்கள் சுறுசுறுப்பாக இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் விட்டார். பெட்டியைக் கொண்டுபோய் வாசலோரம் வைத்துவிட்டு வந்தார்.

“மேடம், நான் படிக்காதவன். எனக்குப் பேச வராது. இது கம்பெனி வாய்க்கால் தண்ணி. இது எங்க கழுவெளி மீனு. எல்லாம் பாத்துக்கினே இருங்க. முட்டை எங்களுக்குத் தெரியாது. மீனு சொல்றது எங்களுக்குப் புரியும்.”

அதிகாரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூட்டம் அதற்குள் முன்னால் நகர்ந்து டப்பாவைச் சூழ்ந்துவிட்டது. போன்கள் உயர்ந்தன. மீன்கள் முதலில் விருட்டென்று ஓடின, டப்பாவின் சுவரில் மோதின. கொஞ்ச நேரத்தில் ஒன்று தலையைத் தூக்கி வாயைத் திறந்தது. இன்னொன்று சுற்றத் தொடங்கியது, ஒரே பக்கமாக, வட்டம் சிறுத்துக்கொண்டே போனது. “தோ பாரு, தோ பாரு” என்றார்கள். சந்தியாவுக்கு அடுத்து வருவது தெரியும். ஒவ்வொரு படியும் தெரியும். இவ்வளவு சீக்கிரம் வராது என்பதும் தெரியும். போன மாதத் தண்ணீரில் பத்தும் நாலு நாள் கிடந்தன.

அவள் எழுந்து கூட்டத்துக்குள் நுழைந்தாள். கேன் நாற்காலிக்கடியில் கிடந்தது. அம்மா உப்பளத்துக்குக் குடிதண்ணீர் எடுத்துப்போகும் மஞ்சள் கேன். அதன் வாயைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. தண்ணீர் டப்பாவுக்குள் மெல்லிய எண்ணெய்போலக் கனமாக அசைந்தது. அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

கசப்பு. சின்ன வயதில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது பாத்தி வாய்க்காலில் தெரியாமல் குடித்துவிட்டு அழுதிருக்கிறாள். உப்பை வாரியபிறகு பாத்தியில் மிஞ்சுகிற தண்ணீர். கரிப்புக்கு அடியில் நாக்கின் வேர்வரை இறங்கும் கசப்பு. அதில் எந்த மீனும் தாங்காது. கழுவெளியில் பிழைக்கிறவருக்கு இது தெரியாமல் போகுமா? அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தின் ஓரத்தில் அம்மா முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு கீழே பார்த்தாள். நாலு நாளு எவன் ஒக்காருவான். துடுப்பில் டியூபைச் சுற்றிக்கொண்டே அவர் அன்று யோசித்தது இதைத்தான்.

பொய்தான். ஆனால் அவர் சொல்ல வந்தது பொய் இல்லை. அந்தச் சிவந்த புள்ளி நின்று நின்று துடித்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதை மைக்கில் சொல்வதற்குத்தான் இங்கே வந்தாள்.

“மேடம்,” என்று கம்பெனி ஆள் நிதானமாக எழுந்தார். “இந்தத் தண்ணியில ஒரு பாட்டில் நாங்க எடுத்துக்கலாங்களா? எங்க செலவுலயே டெஸ்ட்டுக்கு அனுப்பறோம்.” தண்ணீர் பாட்டிலின் மிச்சத்தைச் சன்னல் வழியாக ஊற்றிவிட்டு, காலி பாட்டிலை நீட்டிக்கொண்டு வந்தார். அந்த பாட்டில் போய்ச் சேர்ந்தால், இனி இந்தக் கரையிலிருந்து எந்தத் தண்ணீரைக் கொண்டுபோனாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்பது சந்தியாவுக்குப் புரிந்தது. மீனையும் நம்பமாட்டார்கள், முட்டையையும்.

டப்பாவில் சுற்றிக்கொண்டிருந்த மீன் சாய்ந்தது. பக்கவாட்டில் படுத்து, ஒரு கண்ணால் மின்விசிறியைப் பார்த்தபடி, வாயைத் திறந்து திறந்து மூடியது. ஒருவன் சிரித்துக்கொண்டே பேனாவால் அதன் வாலைத் தொட்டான். வால் அசைந்தது. “இன்னும் சாவல” என்றான்.

சந்தியா டப்பாவுக்குள் கையை விட்டாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது, மீன் அவள் உள்ளங்கையில் இருந்தது. கசப்புத் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து புடவையை நனைத்தது. கூட்டம் இரைந்தது. “ஏய், இன்னா பண்ற?” “லேப் பொண்ணுதானே அது?” “இருசப்பன் பொண்ணுப்பா.” ஜெயப்ரியா மேடம் எழுந்து நின்றிருந்தார். அதிகாரியம்மா மைக்கை அவள் பக்கம் நீட்டும்படி யாருக்கோ சைகை காட்டினார். கம்பெனி ஆளின் பாட்டில் டப்பாவின் விளிம்புக்கு மேல் அப்படியே நின்றது. மீனின் செவுள் அவள் கட்டைவிரல் ரேகையில் உரசி எழுந்தது, அடங்கியது, எழுந்தது. வாசலோரத்துத் தெர்மாகோல் பெட்டியில் கழுவெளித் தண்ணீர் வெயிலை வாங்கிக் கூரையில் ஒரு வெளிச்சத் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தது. அங்கே போக நாலைந்து வரிசை நாற்காலிகளைத் தாண்ட வேண்டும், ஊரே பார்க்கத் தாண்ட வேண்டும். டப்பாவோ அவள் இடுப்போடு இடிக்கும் தூரத்தில்.

இருசப்பன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். குரலை அவர் உயர்த்தவில்லை. கிராம்பு வாசனையும் கசப்புத் தண்ணீரும் கலந்த அவள் கையின் கீழே தன் இரண்டு கைகளையும் ஏந்தினார், தண்ணீர் சிந்தாமல் பிடிப்பதுபோல.

“டப்பாவுல போடு பாப்பா,” என்றார். “இன்னும் கொஞ்ச நேரந்தான். போட்டுடும்மா.”